மூன்று விரலுக்கு முடிந்த பேச்சு

ஏறிவிட்டேன். அவள் பார்க்கவில்லை. பார்த்திருக்க மாட்டாள், பின்வாசலில் கூட்டத்தோடு கூட்டமாகக் குனிந்து ஏறினேன், தலையில் துண்டை முண்டாசாகக் கட்டிப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டிருக்கிறேன், வேட்டிக்குப் பதிலாகப் போன வருசம் நெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போன பேன்ட், இந்தச் சுற்றுவட்டத்தில் மாட்டுத் தரகன் நாச்சிமுத்துவைப் பேன்ட்டில் பார்த்தவர் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர்தான். மொபெட்டை மில் ஸ்டாப் டீக்கடையில் நிறுத்தி, வேட்டியையும் அங்கேயே மாற்றியாச்சு. வீட்டில் விடியக்காலை நாலரைக்கே சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பியாச்சு. வீட்டுக்காரி செல்லாத்தா வாசல்வரை வந்து என் முகத்தையே பார்த்தாள், "சந்தைக்குத்தானுங்களே?" என்றாள், "பின்ன சர்க்கஸுக்கா?" என்று எரிந்து விழுந்தேன், பொய் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும் என்பது அவளுக்கு இருபத்தொன்பது வருசமாகத் தெரியும். இருக்கட்டும். செவ்வாய்க்கிழமைச் சந்தையை முப்பத்தொரு வருசத்தில் நான் விட்டது மூன்றே தடவை, மகள் பிறந்த அன்றைக்கு, அவள் நெஞ்சைத் திறந்து ஆபரேசன் பண்ணின அன்றைக்கு, என் நெஞ்சு அடைப்புக்குக் கம்பி வைத்த அன்றைக்கு. இன்றைக்கு நாலாவது. அதோ, முன்னால் இரண்டாவது சீட்டு, ஜன்னலோரம். அந்தக் கழுத்தை ஆயிரம் தலைக்கு நடுவிலும் கண்டுபிடிப்பேன், குட்டையான, அகலமான, எண்ணெய் மினுக்கும் கழுத்து, அதற்கு மேலே ஒற்றைச் சடை, சடையில் கனகாம்பரம், அவளே வைத்துக்கொண்டது, கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் என்று எழுதிக் கொடுத்தார்கள் அந்தக் கழுத்துக்கும் கண்ணுக்கும் கைக்கும் சேர்த்து. சாரதாமணி என்று நாங்கள் எழுதினோம். என் மகள். வயசு இருபத்தேழு. இன்றைக்கு முதல்முறையாகத் தனியாக பஸ் ஏறி வேலைக்குப் போகிறாள். தனியாக. நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

சொன்ன சொல் தவறுகிறவனைச் சந்தையில் மனுசனாகவே மதிக்க மாட்டார்கள். அங்கே எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, துண்டுதான். கையின் மேல் துண்டைப் போட்டு அதற்கு அடியில் எதிராளி கையைப் பிடிக்கிறோம், ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, நடுக்கணுவை அமுக்கினால் அரை. மேலே வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும், இந்த மாட்டுக்கு இந்த விலையா, நான் என்ன பிள்ளைகுட்டிக்காரன் இல்லையா என்று கத்தும், கீழே கை மட்டும் நிஜத்தைப் பேசிக்கொண்டிருக்கும். விரலைப் பிடித்துக் கையை அழுத்திவிட்டால் முடிந்தது, வானமே இடிந்து விழுந்தாலும் பேச்சு பேச்சுதான். கை பிடிக்காமல் உருவிக்கொண்டு போய்விட்டால் அதுவும் முடிந்தது, அவனைக் கூப்பிடக் கூடாது, பின்னாலேயே போகக் கூடாது, அது அசிங்கம். இதையெல்லாம் நான் யாரிடமும் பாடம் படிக்கவில்லை, ஆறாம் வகுப்போடு கயிற்றைக் கையில் பிடித்தவன், அடிபட்டு, ஏமாந்து, மிதிபட்டுக் கற்றது. தரகனாக நின்ற முப்பத்தொரு வருசத்தில் ஒரு பேச்சை மாற்றினதில்லை. ஒன்றுகூட இல்லை. போன வியாழக்கிழமை சாயங்காலம் நான் சோறு தின்றுகொண்டிருக்கிறேன், இவள் ஆணியில் மாட்டியிருந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பச்சைக்கரை போட்ட துண்டு. தன் கையின் மேல் விரித்துக்கொண்டாள். "அப்பா, கை குடு." என்னம்மிணி, எந்த மாட்டை வாங்கப் போற என்று சிரித்தேன். "மாடு இல்ல. பஸ்ஸு." வேலை பார்க்கிற பேக்கரியில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் பஸ்ஸில் வருகிறார்களாம், பேசிக்கொண்டே வருகிறார்களாம், இவள் மட்டும் அப்பா மொபெட்டில். "நான் மட்டும் அப்பா," என்றாள், அதை அவள் சொன்ன விதம், ஏதோ என் மேல் சொறி பிடித்த மாதிரி. சரி, கூட்டிப் பழக்குகிறேன், எத்தனை நாள் கூட வரட்டும்? துண்டுக்கு அடியில் அவள் கையை முழுசாக, இரண்டு தடவை அழுத்தினேன், பத்து நாள். அவள் என் சுண்டுவிரலை மட்டும் பிடித்தாள். ஒன்று. நான் கத்தினேன், ரோடு தெரியுமா, லாரி தெரியுமா, எவன் எப்படின்னு தெரியுமா என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன், மேலே வாய், கீழே ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கிக்கொண்டே இருந்தேன்.  பிடித்த விரலைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு காய்ந்துவிட்டது. மூன்று விரலுக்கு முடிந்தது. வெள்ளி, சனி, திங்கள், மூன்று நாளும் கூட வந்தாயிற்று. பேரம் முடிந்த அன்றைக்கே அடுப்படியில் இருந்து செல்லாத்தா சொன்னாள், "மாட்டுப் பல்லைப் புடிச்சுப் பாத்து வயசு சொல்ற மனுசனுக்கு, பெத்த புள்ளைக்கு இருபத்தேழு வயசாச்சுன்னு மட்டும் தெரியாதுங்களாக்கும்." தெரியும். எல்லாம் தெரியும். ஆனாலும் இன்றைக்கு நாலாவது நாள், இதோ பேன்ட்டைப் போட்டுக்கொண்டு திருடன் மாதிரி.

ரயில்வே கேட். அவள் இடது கையை மடியிலிருந்து தூக்கி முன்சீட்டுக் கம்பியின் மேல் வைத்தாள், கட்டைவிரலை மடக்கினாள். சரி. சரிதான் கண்ணு. ஐந்து அடையாளம், ஐந்து விரல், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ரயில்வே கேட் வந்தால் கட்டைவிரல், தண்ணீர் டேங்க் வந்தால் ஆள்காட்டி, பள்ளிவாசல் வந்தால் நடுவிரல், பெட்ரோல் பங்க் மோதிரவிரல், கல்யாண மண்டபம் சுண்டுவிரல், கை மூடிவிட்டால் எழுந்து நில். அந்தக் கை. அதைத்தான் முதலில் எனக்குக் காட்டினார்கள். பிறந்து இரண்டாவது நாள் டாக்டரம்மா துணியை விலக்கி அந்தப் பொட்டுக் கையை விரித்துக் காட்டினார், பாருங்க, குறுக்கே ஒரே ரேகை, சுண்டுவிரல் உள்பக்கம் வளைஞ்சிருக்கு பாருங்க. நான் கை பார்க்கிறவன். எத்தனை கையைப் பிடித்திருப்பேன், காய்த்துப்போன கை, வியர்க்கிற கை, நடுங்கிக்கொண்டே பொய் சொல்கிற கை. அந்தக் கையைப் பிடித்தேன். என் விரலை இறுக்கிக்கொண்டது, சின்னதாக, சூடாக, அதில் ஒரு பொய்யும் இல்லை. டாக்டரம்மா வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார், நெஞ்சில் ஓட்டை, அடிக்கடி சளி பிடிக்கும், உட்கார நாளாகும், நடக்க நாளாகும், பேச்சு தெளிவாக வராது, படிப்பு வராது, ஆயுசு இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு. செல்லாத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது, "அம்மா, நீங்க சொல்றது கேக்கற விலை. என்ன விலைக்கு முடியுதுன்னு நான் பாத்துக்கறேன்" என்றேன். அது திமிர்.  வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன், அதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுகூட ஏன் நினைக்கிறேன், டீசல் புகையில் கண் எரிகிறது. அந்தக் கணக்கைத் தாண்டி எத்தனையோ வருசம் ஆயிற்று டாக்டரம்மா. அதோ உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள். கனகாம்பரம் வைத்திருக்கிறாள்.

சாரதா பக்கத்தில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள், மடியில் ஒயர்கூடை. பார்க்கிறாள். பார்ப்பாள், எல்லோரும் பார்ப்பார்கள், முதலில் முகத்தை, பிறகு கூட யார் என்று சுற்றும்முற்றும். சாரதாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகத்தான் பேசுவாள், அவளிடம் பேசுகிறவர்களும் சத்தமாகப் பேச வேண்டும், ஆகவே பஸ் முழுக்கக் கேட்கும். "தனியாவா கண்ணு போற?" "வேலைக்குப் போறேன்." "வேலைக்கா! உனக்கென்ன சாமி வேலை குடுத்தாங்க?" கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உனக்கென்ன வேலையாமே. எழுந்து போய்க் கேட்கலாம், ஏனுங்கம்மா, உங்களுக்கு அட்டைப்பெட்டி மடிக்கத் தெரியுமா, ஒரு பிசிறில்லாமல், மூலை நாலும் கத்தி மாதிரி, ஒரு நாளைக்கு முந்நூறு? மேரியக்கா பேக்கரியில் இவள் மடிக்கிற பெட்டியில் கேக்கை வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால்கூட திறக்காது. அந்த வேலையை நான் வாங்கிக் கொடுக்கவில்லை. நான் போய்ப் பேசுகிறேன் என்று கிளம்பினவனைத் தள்ளிவிட்டு, பன் வாங்கப் போன இடத்தில் இவளே கேட்டாள், அக்கா, நான் மடிக்கட்டா என்று. முன்னால் சாரதா பதில் சொல்கிறாள், "பெட்டி மடிக்கறேன். நூல் கட்டறேன். நீங்க?" "நானா? நான் ஆஸ்பத்திரிக்கு. முழங்கால் வலி." "மாத்திர போட்டீங்களா? நான் தெனமும் போடறேன். தைராய்டு." அந்த அம்மாள் சிரித்தாள், கெட்ட சிரிப்பில்லை. "கூட யாருமே வரலியா உனக்கு?" இதற்கு மட்டும் இவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.  பயப்படுகிறாள். நான் இல்லை என்று பயப்படுகிறாள். எழுந்து போகலாமா? உட்கார்டா நாச்சிமுத்து. தண்ணீர் டேங்க் வந்தது. ஆள்காட்டி விரலை மடக்கினாள். சின்னதில் வெளியே நீட்டிக்கொண்டே இருந்த அந்த நாக்கை உள்ளே இழுத்து வைக்கவும், ஸ்பூன் நுனியில் தேனைத் தடவி உதட்டுக்கு மேலே காட்டிக் காட்டிப் பேச வைக்கவும் செல்லாத்தா பட்ட பாடு. நான் சந்தைக்குப் போய்விடுவேன், வந்து பார்த்தால் அவள் கண்ணாடிக்கு முன்னால் பிள்ளையை உட்கார வைத்து ஊதச் சொல்லிக்கொண்டிருப்பாள், மெழுகுவத்தி, பஞ்சு, காகிதப் பூ. ஒன்றரை வயதில் உட்கார்ந்தாள். மூன்று வயதில் நடந்தாள், கொல்லையில் கட்டியிருந்த கன்றுக்குட்டியின் முதுகைப் பிடித்துக்கொண்டு. இவளுக்கு எதிலும் அவசரமே கிடையாது, அது எனக்கு எத்தனை வருசம் எரிச்சலாக இருந்தது, சட்டையைப் போடு, செருப்பைப் போடு, வா வா வா என்று கத்தி, அவள் நின்று நிதானமாக ஒரு செருப்பு, அப்புறம் ஒரு செருப்பு. பத்தொன்பது வயதில் ஒருநாள் சந்தைக்கு வந்தாள், பாலக்காட்டு மாட்டு வியாபாரி உம்மர் விளையாட்டாகத் துண்டைப் போட்டுக் கையை நீட்டினான், வா மோளே, இந்தக் கன்றுக்கு என்ன விலை? இவள் அவனுடைய மூன்று விரலைப் பிடித்தாள். அவன் கூச்சல் போட்டான், சிரித்தான், போகிற மாதிரி திரும்பினான். எவனாக இருந்தாலும் அதற்குள் ஒரு கணுவாவது இறங்கியிருப்பான், நானே இறங்கியிருப்பேன். இவள் பிடித்த பிடியில் நின்றாள், கூச்சலெல்லாம் அவள் காதில் விழவே இல்லை, அவன் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு. கடைசியில் அவன் என்னிடம், நாச்சிமுத்தே, உன்னைச் சமாளிச்சுருவேன், இவளை ஆவாது என்று அந்த விலைக்கே ஓட்டிக்கொண்டு போனான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, அவசரம் இல்லாதது ஒரு குறை என்று எனக்கு யார் சொன்னது?

ஆனால் அது சந்தை. நான் பக்கத்தில் நின்றேன். நான் பக்கத்தில் இல்லாவிட்டால்? இந்த இடத்துக்கு வந்தால் என் புத்தி செக்கு மாடு மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும். இவளுக்குப் பிறகு நாங்கள் இன்னொன்று பெற்றுக்கொள்ளவில்லை, இவளுக்கே இரண்டு பேர் போதவில்லை. போன வருசம் கம்பி வைத்துப் படுத்திருந்தபோது இவள் என் மார்பைத் தொட்டுப் பார்த்தாள், "உனக்குத் தையல் இல்லியா?" என்றாள், தன் சட்டைக் கழுத்தை விலக்கிப் பழைய தழும்பைக் காட்டினாள், "எனக்கு இருக்கு" என்றாள், பெருமையாக. அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்தக் கட்டிலில் ஒரே நினைப்பு, நான் செத்த மறுநாள் காலையில் இந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கும்? இவளை மாதிரிப் பிள்ளைகளை வைத்துக்கொள்கிற ஒரு விடுதியைப் போய்ப் பார்த்தேன், செல்லாத்தாவுக்குச் சொல்லாமல். சுத்தமாகத்தான் இருந்தது. திட்டக்கூட ஒன்றும் இல்லை. வரிசையாக நாற்காலி, எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை, ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, யாரையோ எதிர்பார்த்து என்னைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து மொபெட்டைக் கிளப்பத் தெரியாமல் உதைத்துக்கொண்டே இருந்தேன், பெட்ரோலைத் திறக்கவே இல்லை. அதற்கு முன்னால், இவளுக்குப் பதினாலு வயதில், என் பெரியப்பா மகன் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே சொன்னான், இதெல்லாம் எதுக்குப்பா தொந்தரவு, ஆபரேசன் பண்ணிக் கர்ப்பப்பையை எடுத்துரலாம், நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? டம்ளரை அவன் கையிலிருந்து பிடுங்கி வாசலில் எறிந்தேன், பின்னாலேயே அவனையும். செல்லாத்தா கத்தவில்லை. நாலு மாசம், மாதவிலக்கு நாளுக்குக் காலண்டரில் சிவப்புப் பொட்டு வைத்து, துணி, தண்ணீர், சோப்பு, கதவைச் சாத்து, தாழ்ப்பாளைப் போடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். இன்றைக்கு வரைக்கும் அதற்கு இவள் யாரிடமும் உதவி கேட்டதில்லை. கோபத்தால் நான் எதைச் சாதித்தேன்? டம்ளர் நசுங்கியதுதான். அவன் கேட்டதும் நான் பயப்படுவதும் ஒரே விஷயமோ என்று சில சமயம் தோன்றும், தோன்றினால் என் மேலேயே கை ஓங்கத் தோன்றும். நான் செத்த மறுநாள், அல்லது மறுநாள் வேண்டாம், பதினாறு கழிந்த மறுநாள், இந்த எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க இவளுக்குத் தெரியணும். அவ்வளவுதான் என் பேரம். வேறொன்றும் நான் சாமியிடம் கேட்கவில்லை. அதற்குத்தான் கூட வந்திருக்கிறேன். அதற்குத்தான் கூட வந்திருக்கக் கூடாது.

பஸ் ஏன் இந்தப் பக்கம் திரும்புகிறது? டேய், டிரைவர், பள்ளிவாசல் நேராகப் போனால் அல்லவா? "பாலத்துல வேலை நடக்குது, இன்னிக்கு சந்தை வழியாத்தான், மண்டபம் போறவங்கெல்லாம் சந்தையில எறங்கி நடந்துக்கங்க," கண்டக்டர் முன்னால் நின்று சொல்லிவிட்டு விசிலை ஊதுகிறான், பஸ் இரைச்சலில் அது இவள் காதுக்குப் போயிருக்காது, போயிருக்கவே இருக்காது. பள்ளிவாசல் வராது. பங்க் வராது. மண்டபம் வராது. மூன்று விரல் மடங்காமல் நிற்கும், கை மூடாது, கை மூடாவிட்டால் எழுந்து நிற்க மாட்டாள், நான்தானே சொன்னேன், கை மூடினால்தான் எழ வேண்டும் என்று, மடையன், ரோடு மாறும் என்பதை ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை, முப்பத்தொரு வருசம் ஏமாறாமல் இருக்கப் பழகினவன் ஒரு பாலத்திடம் ஏமாந்து போனேனே. அவள் கை கம்பியின் மேல் இருக்கிறது. இரண்டு விரல் மடங்கி, மூன்று விரல் நீட்டி. அது நீட்டினபடியே நிற்கிறது. வெளியே தென்னந்தோப்பும் நார் மில்லும் போகிறது, அவளுக்குத் தெரியாத சுவர், தெரியாத போர்டு. தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்புகிறது. போதும். பேச்சாவது மண்ணாவது. எழுந்துவிட்டேன், அரைவாசி எழுந்துவிட்டேன், கண்டக்டர் என் எதிரில் வந்து நின்று வழியை மறைத்துக்கொண்டான். "உக்காருங்க, எங்க எழுந்திருக்கறீங்க?" டிக்கெட் என்று பாக்கெட்டில் கையை விட்டேன், பேன்ட் பாக்கெட், கை நுழையவே மாட்டேன் என்கிறது. "உங்களுக்கு எடுத்தாச்சுங்க." எடுத்தாச்சா? "எவன்டா எனக்கு டிக்கெட் எடுத்தது?" "எவனுமில்லீங்க," கண்டக்டர் முகவாயால் முன்பக்கம் காட்டினான், "அந்தம்மிணிதான். தனக்கு மகளிர் டிக்கெட், பின்னாடி பச்சைக்கரைத் துண்டு கட்டீட்டு ஒருத்தரு ஏறியிருக்காரு, அவருக்கு ஒண்ணுன்னு காசு குடுத்துச்சு. கிறுக்குத்தனமா எந்திரிச்சு வந்தார்னா உக்காரச் சொல்லுங்கன்னும் சொல்லுச்சு." டிக்கெட்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

துண்டு. இத்தனை வருசம் இவள் கையும் என் கையும் அடியில் கிடந்த துண்டு, கூட்டல் கழித்தலை இந்தத் துண்டுக்கு அடியில்தான் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், ஸ்கூலில் வராத கணக்கு இதற்கு அடியில் வந்தது, அதை எடுத்து நெற்றியில் கட்டிக்கொண்டு வேஷம் போட்டிருக்கிறேன். மில் ஸ்டாப்பில் நான் நிற்கும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அப்போதிருந்து தெரியும். கூட யாரும் வரலியா என்று அந்த அம்மாள் கேட்டபோது தெரியும். இவளுக்குப் பொய் சொல்ல வராது, உண்மையைச் சொல்ல வெட்கம், அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பயமுமில்லை ஒன்றுமில்லை. என்னை நினைத்து வெட்கம். இப்போதுதான் அந்த முதுகைச் சரியாகப் பார்க்கிறேன். விறைத்துக்கொண்டு இருக்கிறது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அது கோபக்கார முதுகு. என் முதுகு அது, ஏமாற்றினவன் முன்னால் நான் நிற்கிற நிற்பு. செல்லாத்தா சொல்வாள், முகம் யார் மாதிரியும் இல்லை என்கிறார்களே, கோபம் வரட்டும் பார்க்கச் சொல்லுங்கள் என்று. சிரிப்பு வந்தது எனக்கு. சிரிப்பும் வெட்கமுமாக முண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன், இனி அதற்கு என்ன வேலை. ஆனாலும் கை? மூன்று விரல் இன்னும் நீட்டிக்கொண்டுதானே இருக்கிறது? பார்த்தேன். அவள் கண்டக்டரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள், "அண்ணா! பள்ளிவாசல் வரல!" என்றாள், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "வராதும்மிணி, பாலத்துல வேலை. சந்தையில எறங்கோணும்." "சந்தையா?" "சந்தை." தன் விரல்களையே பார்த்தாள். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும், ஒரு செருப்பு, அப்புறம் ஒரு செருப்பு. பிறகு நீட்டியிருந்த மூன்று விரலையும் ஒரே சேர மடக்கினாள். கை மூடிவிட்டது. "சந்தை எனக்குத் தெரியும்," என்றாள் பக்கத்து அம்மாளிடம், "அது எங்கப்பா சந்தை." நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

மாட்டுச் சாணி வாசம் முதலில் வரும், பிறகு கூச்சல், பிறகுதான் சந்தை வாசல். அவள் முன்வாசலில் இறங்கினாள், கம்பியைப் பிடித்து ஒரு படி, இன்னொரு படி, முழங்கால் வலிக்கார அம்மாளுக்கு ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். நான் பின்வாசலில் இறங்கினேன். பஸ் போனதும் நடுவில் மறைக்க ஒன்றும் இல்லை, சந்தை வாசலில், அத்தனை தரகனும் வியாபாரியும் டீ குடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில், நானும் என் மகளும், நான் பேன்ட்டில். எவனோ விசில் அடித்தான். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள், "பேன்ட்டு நல்லால்ல," என்றாள். "எப்படி கண்ணு என்னைக் கண்டுபுடிச்ச?" "துண்டு." எதிரே ரோடு, தாண்டி இரண்டு திருப்பம், பேக்கரி. இந்த ரோட்டில்தான் மாட்டு லாரி எல்லாம் திரும்பும். எனக்கு வாய் வரவில்லை. கை வந்தது. பழக்கதோஷம், இடது கையின் மேல் துண்டைப் போட்டு அவள் பக்கம் நீட்டினேன். அவள் பார்த்தாள். பேக்கரிக்கு நேரமாகிறது என்று கழுத்து சொல்கிறது, ஆனாலும் சந்தை வாசலில் துண்டு போட்டவனை மதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், நான்தான் வளர்த்தேன். கையை உள்ளே விட்டாள். அதே கை. குட்டை விரல்கள், உள்பக்கம் வளைந்த சுண்டுவிரல், உள்ளங்கை இப்போது அட்டை மடித்து மடித்துக் காய்த்திருக்கிறது. அந்தச் சுண்டுவிரலைப் பிடித்தேன். ஒன்று. இன்னும் ஒரே ஒரு நாள். பிடித்துக்கொண்டே இருந்தேன், நடுக்கணுவை அமுக்கினேன், சரி, அரை நாள், இந்த ரோடு மட்டும், இந்த ரோட்டை மட்டும் தாண்டிவிடுகிறேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள். "அப்பா. மூணு. முடிஞ்சது." சத்தமாகத்தான் சொன்னாள், அவளுக்குச் சத்தமாகத்தான் வரும். பிறகு கையை உருவிக்கொண்டாள்.

உருவிக்கொண்டு போனவரைக் கூப்பிடக் கூடாது, பின்னால் போகக் கூடாது. நின்றேன். அவள் ரோட்டோரத்தில் போய் நின்றாள். லாரி ஒன்று. கார். ஒரு இடைவெளி வந்தது, போ கண்ணு, போ, அவள் போகவில்லை. இன்னொரு இடைவெளி. நானாக இருந்தால் கையை வீசிக்கொண்டு குறுக்கே விழுந்து எவனையாவது திட்டிக்கொண்டே தாண்டியிருப்பேன். மூன்றாவதிலும் போகவில்லை, எனக்கு நெஞ்சுக்குள் கம்பி குத்துகிற மாதிரி இருந்தது. நாலாவது தடவை மாட்டு லாரிக்காரன் அவளைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைத்து நின்றான். அவள் கையை உயர்த்தி அவனை நிற்கச் சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல், ஒரு கால், அப்புறம் ஒரு கால் என்று தாண்டினாள். அந்தப் பக்கம் போய்ச் சாய்ந்திருந்த கனகாம்பரத்தைத் தொட்டுச் சரிசெய்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதல் திருப்பத்தில் திரும்பினாள், சரியான பக்கம். நான் இன்னும் துண்டு போட்ட கையை நீட்டியபடியே நின்றிருக்கிறேன் என்பது உம்மர் வந்து தோளைத் தட்டியபோதுதான் தெரிந்தது. டீ டம்ளரும் கையுமாக நின்றான், பேன்ட்டைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், "எந்தா நாச்சிமுத்தே, யாவாரம் நடக்கலியா?" என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டார்கள், நாச்சிமுத்து கையில் விழுந்த விரலை விட்டதாகச் சரித்திரம் இல்லையே. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். "நடக்கல உம்மரு," என்றேன், கொஞ்சம் சத்தமாகவே, எல்லோருக்கும் கேட்கட்டும். "எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன். அந்தம்மா கையை உருவிட்டுப் போயிட்டாங்க."